வண்டி, வாண்டு, வரிசை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: ஆர்லாண்டோ, டிஸ்னி, கைக்குழந்தை, கூட்டம். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று, ஊரிலிருந்து தாத்தா பாட்டிகளும் வந்து இறங்கிவிட்டார்கள், வேறென்ன கேட்பார்கள்? நான் ஆர்லாண்டோவில் இருப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்குள்ள ஒரு தீம் பார்க்கில், ஸ்ட்ரோலர் (பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டி) நிறுத்துமிடத்தில் வேலை பார்த்தவள் என்பதை இதுவரை எழுதியதில்லை. முழங்கால் ‘போதும்’ என்று சொல்லும்வரை பார்த்தேன். இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில். மாமியார், மருமகள், வீட்டுக்கடன் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம்.

*

எங்கள் மகன் டாலஸில் இருக்கிறான். ஜூலையில் எல்லோருமாக டிஸ்னி வேர்ல்டு போவதாகத் திட்டம். பேரனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அவனுக்கு ஸ்ட்ரோலர் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்கிறாள் மருமகள். “அஞ்சு வயசுப் பையனுக்கு வண்டியா? பார்க்கிறவன் சிரிப்பான்” என்கிறார் என் கணவர். நான் யார் பக்கம் பேசுவது?
— ஒரு பாட்டி, கோயம்புத்தூர்

மருமகள் பக்கம். இந்த ஒரு விஷயத்திலாவது யோசிக்காமல் பேசிவிடுங்கள்.

இங்கே ‘பார்க்’ என்று சொல்வதை நம் ஊர்ப் பூங்கா என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் மத்தியானம் இரண்டு மணிக்கு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். வாசலிலிருந்து ஏரிக்கரைக்கு வருவதற்கே தனியாக ஒரு நடை வேண்டும். கோட்டை இருக்கிற பார்க்கான மாஜிக் கிங்டமுக்குக் காரில் போனால், காரை நிறுத்திய இடத்திலிருந்து பார்க் வாசலுக்குப் போகவே படகோ மோனோரயிலோ ஏற வேண்டும். இத்தனையும் ஜூலை மாதத்தில். 33 டிகிரி என்றால் கோயம்புத்தூர்க்காரர்களுக்கே சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்த ஊர்ப் புழுக்கம் வேறு ஜாதி. காலையில் மேலே தெரிகிற நீல வானத்தை நம்பாதீர்கள். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் பேரன் காலை ஒன்பது மணிக்கு உங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான். ஓடட்டும், அப்போது வண்டி காலியாகவே வரட்டும், அதில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் அவன் கால் பின்னும், முகம் சுருங்கும், ‘தூக்கு’ என்பான். பதினெட்டு கிலோவை யார் தூக்குவது? மகன் ஒரு மணி நேரம் தூக்குவான், அதற்கு மேல் அவன் பேசுகிற பேச்சில் ஒரு காரம் ஏறும். குடும்பச் சண்டைகள் எந்த மணிக்கு ஆரம்பிக்கும் என்று வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். மத்தியானம் இரண்டரைக்கு.

சிரிப்பதைப் பற்றி: ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் நீளக் காலை மடக்கி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி வண்டியில் தூங்குவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை. சிரிக்கத் தெம்பு யாருக்கு இருக்கிறது? பையனிடம் மட்டும் யாரும் ‘நீ என்ன குட்டிப் பாப்பாவா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அப்புறம் அவன் ஏறவே மாட்டான், உங்களுக்குத்தான் கஷ்டம்.

வாடகைக்கு எடுக்கும்போது அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2019 மே 1 முதல் டிஸ்னியில் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட ஸ்ட்ரோலர்களை உள்ளே விடுவதில்லை. நாலு பக்கமும் தடுப்பு வைத்து, பிள்ளைகளை எதிரெதிராக உட்கார வைத்து இழுக்கிற ‘வேகன்’ வண்டிகளுக்கும் அன்று முதல் தடைதான். ஒற்றைப் பிள்ளைக்கு லேசான வண்டி போதும். மேல்கூரை நீளமாக இருக்க வேண்டும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வேண்டும். ஆனால் வெயிலுக்குப் போர்வையைப் போட்டு வண்டியை மூடாதீர்கள். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும். நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பிடியில் மாட்டுகிற சின்ன மின்விசிறி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரிடம் இதையும் சொல்லுங்கள். குடை மாதிரி மடங்குகிற இந்த லேசான ஸ்ட்ரோலரைக் கண்டுபிடித்தவரும் ஒரு தாத்தாதான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவன் மெக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த எஞ்சினியர். மகள் பேத்தியோடு வந்தபோது கூடவே வந்த கனத்த வண்டியைப் பார்த்துவிட்டு, விமானத்துக்குப் பயன்படுத்துகிற அலுமினியக் குழாய்களை வைத்து 1965இல் அதைச் செய்தார். ஆகவே தாத்தாக்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டியின் பிடியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊன்றுகோல் வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பெரியவர்கள் ஸ்ட்ரோலர் பிடியை மட்டும் சாயங்காலம்வரை விடுவதில்லை, கவனித்திருக்கிறேன்.

*

நானும் மனைவியும் சென்ற கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆர்லாண்டோ போனோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒரே நாளில் என் குதிகாலில் மூன்று முறை ஸ்ட்ரோலரால் இடித்தார்கள். ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு பிள்ளை உட்காருகிற அகல வண்டிகளையாவது தடை செய்யக்கூடாதா?
— எடிசன், நியூ ஜெர்சி

வலித்திருக்கும் தம்பி. குதிகாலுக்கு மேலே உள்ள அந்தத் தசைநாணில் வண்டியின் கால்மிதி மோதினால் உயிர் போகும். இடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவரைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. கிறிஸ்துமஸ் வாரம் வேறு. மாஜிக் கிங்டமுக்கு 2023இல் மட்டும் சுமார் 1 கோடியே 77 லட்சம் பேர் வந்ததாக மதிப்பீடு. நாளுக்குச் சராசரி 48 ஆயிரம் பேருக்கு மேல். டிசம்பர் கடைசியில் சராசரியெல்லாம் பேசிப் பயனில்லை.

ஆனால் தடை என்றால், இரட்டைப் பிள்ளை பெற்றவள் எங்கே போவாள்? அகலத்துக்குத்தான் அளவு வைத்துவிட்டார்களே. என் கணக்கில் அகலம் பாதிக் குற்றவாளிகூட இல்லை. நான் பார்த்தவரை இடிப்பதெல்லாம் ‘நின்றதால்’ வருவது. முன்னால் போகிறவர் கோட்டையைப் பார்த்ததும் சட்டென்று நடுவழியில் நின்று போட்டோ எடுப்பார். பின்னால் வருகிற அம்மா வண்டியை நிறுத்துவதற்குள் சக்கரம் அவர் காலில். இன்னொரு பக்கம், அப்பா ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கையில் போனைப் பார்த்துக்கொண்டு வருவார். பாவம், அவரும் விளையாடவில்லை. காசு கொடுத்து வரிசையைத் தாண்டிப் போகிற ‘லைட்னிங் லேனில்’ அடுத்த ரைடுக்கு நேரம் பிடிக்கவேண்டிய வேலை அவர் தலையில் விழுந்திருக்கும். ஆனால் நாற்பது அங்குலத்துக்கு முன்னால் உருளுகிற சக்கரத்தை யார் பார்ப்பது? தள்ளுகிறவர் கண்ணுக்கு அந்தச் சக்கரம் தெரியவே தெரியாது, மேல்கூரை மறைக்கும். இதைத் தள்ளிப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை.

நான் திருவாரூர்க்காரி. தேரை இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்தான் முக்கியம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்ட்ரோலருக்கும் அதே கதைதான். வண்டி தள்ளுகிறவர்கள் முன்னால் போகிறவருக்கும் தங்களுக்கும் நடுவே இன்னொரு வண்டி நிற்கிற அளவு இடம் விட வேண்டும். நிற்கவேண்டுமென்றால் முதலில் ஓரத்துக்கு வர வேண்டும், அப்புறம்தான் நிற்க வேண்டும். போட்டோ, தண்ணீர், மூக்குத் துடைப்பது, புருஷனோடு வாக்குவாதம் எல்லாம் ஓரத்தில். வழி வேண்டுமென்றால் வாயைத் திறந்து ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொல்ல வேண்டும், சக்கரத்தால் சொல்லக்கூடாது.

தம்பி, உங்கள் தரப்புக்கும் ஒன்று உண்டு. வண்டிக்காரர் கவனமாக விட்டு வைத்த அந்த இடைவெளியைக் கண்டதும், ‘அட, இடம் இருக்கே’ என்று குறுக்கே புகுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை இல்லாத ஜோடிகள்தான். புகுந்த கையோடு வேகத்தைக் குறைப்பார்கள். அப்புறம் குதிகாலைப் பிடித்துக்கொண்டு திரும்பி முறைப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை.

இன்னொரு நுணுக்கம். மாஜிக் கிங்டத்தில் நுழைந்ததும் வருகிற மெயின் ஸ்ட்ரீட்டில், நடுத்தெருவில் டிராம் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். குதிரை இழுக்கிற டிராமுக்காகப் போட்டது. லேசான ஸ்ட்ரோலரின் குட்டிச் சக்கரம் அந்தப் பள்ளத்தில் நேராக இறங்கினால் வண்டி சடாரென்று நிற்கும், பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர். தண்டவாளத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும், முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி. இரவு வாணவேடிக்கை முடிந்து எல்லோரும் ஒரே திசையில் வாசலுக்குப் போகும்போது இது ரொம்ப முக்கியம். அந்த நேரத்தில் நடந்து போகிறவர்களுக்கு என் ஆலோசனை: போகாதீர்கள். அரைமணி நேரம் எங்காவது உட்கார்ந்திருங்கள். கூட்டம் வடிந்துவிடும்.

*

ரைடுக்குப் போகும்போது ஸ்ட்ரோலரை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்கிறார்களே, திருடு போகாதா? திரும்பி வந்தால் வைத்த இடத்தில் இருக்குமா?
— வாசகி, அட்லாண்டா

வைத்த இடத்தில் இருக்காது. அதற்காகத் திருடு என்று கூச்சல் போட வேண்டாம். ஒவ்வொரு ரைடுக்குப் பக்கத்திலும் வண்டி நிறுத்த ஓர் இடம் உண்டு. அங்கே நிற்கிற ஊழியர்கள் நாள் முழுக்க வண்டிகளை நகர்த்தி நகர்த்தி வரிசையாக்கிக்கொண்டே இருப்பார்கள். இடம் அப்படித்தான் கிடைக்கும். நீங்கள் முன்வரிசையில் விட்டுப் போனது மூன்றாம் வரிசையில் இருக்கும். இரும்புக் கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போகிற புத்திசாலிகள் உண்டு. அந்த ஒரு வண்டியால் ஒரு வரிசையே கோணலாகும். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது.

வாடகை வண்டிகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கம்பெனி. பளிச்சென்று ஒரு துணியைப் பிடியில் கட்டுங்கள். பழைய புடவைக் கரை நல்ல அடையாளம், தூரத்திலிருந்தே தெரியும். பெயரும் போன் நம்பரும் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். டயப்பர் பை இருக்கலாம். பாஸ்போர்ட், பணம், போன், மாத்திரை உங்கள் தோளில் வர வேண்டும். திறந்த தின்பண்டம் வைக்கவே கூடாது. மனிதர்கள் எடுக்க மாட்டார்கள், அணில் எடுக்கும். முறுக்குப் பொட்டலத்தைக் கிழித்து, சீட்டு முழுக்கத் தூள் பண்ணிவிட்டுப் போன அணிலுக்குப் பின்னால் நான் துடைத்திருக்கிறேன்.

*

ஐந்து மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். பார்க்கில் பால் கொடுக்க நேர்ந்தால் கழிவறைக்குப் போய்க் கொடுப்பதுதான் மரியாதை என்கிறார் என் அத்தை. சரியா?
— சார்லட்

உங்கள் அத்தை கழிவறையில் உட்கார்ந்து சாப்பிடுவாரா என்று கேளுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள், சண்டை வரும். இதைச் சொல்லுங்கள்: தாய், பொது இடமோ தனி இடமோ, எங்கும் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம் என்று ஃபுளோரிடா 1993இலேயே சட்டம் போட்டிருக்கிறது. அமெரிக்காவிலேயே இப்படிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் இதுதான். பெஞ்சில் உட்கார்ந்து கொடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கூட்டமும் சத்தமும் இல்லாத இடம் வேண்டுமென்றால் டிஸ்னியின் நான்கு பார்க்குகளிலும் ‘பேபி கேர் சென்டர்’ உண்டு. பால் கொடுக்கத் தனி அறை, டயப்பர் மாற்றும் மேசை, சாப்பாடு சுடவைக்க மைக்ரோவேவ், குழந்தைகளுக்கான உயர நாற்காலி எல்லாம் இருக்கும். டயப்பர், பால்பவுடர் தீர்ந்துபோனால் விலைக்கும் கிடைக்கும். இதற்குக் கட்டணம் இல்லை. நம்மவர்கள் இது இருப்பதே தெரியாமல் உணவகத்தில் பக்கத்து மேசைக்காரர் முகத்தெதிரில் டயப்பர் மாற்றுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் டயப்பர் மாற்றுவது பற்றித் தனியாகவும் ஒரு கேள்வி வந்திருக்கிறது. அதற்கும் பதிலை இங்கேயே முடித்துவிடுகிறேன்: கூடாது.

*

கோட்டைக்கு முன்னால் வாணவேடிக்கை பார்க்க ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றோம். ஆரம்பித்ததும் என் நாலு வயது மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, தோளில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் இருந்த அம்மாள் கத்தித் தீர்த்துவிட்டார். குழந்தை பார்க்க வேண்டாமா? யார்மேல் தப்பு?
— ஹியூஸ்டன்

குழந்தை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மாளும் ஒரு மணி நேரம் நின்றவர்தானே? உங்கள் முதுகைத் தாண்டிக் கோட்டை தெரிகிறது என்று கணக்குப் பண்ணி அங்கே இடம் பிடித்திருப்பார். முதல் வாணம் மேலே போகிற நொடியில் அந்த இடத்தில் திடீரென்று மூன்றடி உயரத்துக்கு ஒரு குழந்தை முளைத்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அவருக்கு நகர்ந்து போக இடமும் இருக்காது. கத்தியது சரியில்லைதான். கோபம் நியாயமானது.

தோளில் ஏற்ற வேண்டாம், இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தலை உங்கள் தலை உயரத்தில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாலு வயதுப் பிள்ளையை இருபது நிமிடம் இடுப்பில் வைக்க முடியாது என்பீர்கள். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தோள்தான் வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய், பின்னால் சுவரோ செடியோ இருக்கிற இடத்தில் நில்லுங்கள். அல்லது ஆரம்பிப்பதற்கு முன்பே பின்னால் திரும்பி, ‘இவளைத் தூக்கப் போகிறேன், நீங்கள் முன்னால் வந்து நிற்கிறீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு சண்டை போட்ட யாரையும் எனக்குத் தெரியாது.

பின்னால் இருப்பவருக்கு மறைப்பது பிள்ளைகள் மட்டும் அல்ல. ஸ்ட்ரோலரில் கட்டிய காற்று பலூன் சரியாக அவர் முகத்துக்கு நேரே ஆடும். அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டு அகல டேப்லெட்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து வாணவேடிக்கை முழுவதையும் படம் எடுக்கிற பெரியவர்களை நான் பிள்ளைகளுக்கு முன்னால் திட்ட விரும்பவில்லை. அந்தப் படத்தை வீட்டில் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா?

ஊர்வலத்தில் வேறு விதம். ‘குழந்தையை மட்டும் கொஞ்சம் முன்னால் விடலாமா?’ என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒதுங்குவார்கள். கேட்டு, குழந்தையை விட்ட மறு நிமிடம், அதைப் பார்த்துக்கொள்ள அம்மா, அம்மாவுக்குத் துணையாகச் சித்தி, போட்டோ எடுக்கச் சித்தப்பா என்று ஒரு கல்யாணக் கோஷ்டியே முன்னால் போய் நிற்கிறது பாருங்கள், அதனால்தான் அடுத்த குழந்தைக்கு இடம் கிடைப்பதில்லை. காலி ஸ்ட்ரோலர்களை அரண் மாதிரி நிறுத்தி இடம் பிடிப்பதும் வேண்டாம். மடித்துவிடுங்கள்.

உங்கள் மகள் சத்தத்துக்குப் பயப்படுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. நிறையப் பிள்ளைகள் பயப்படும். காதை மூடுகிற ஹெட்போன் மாதிரியான மூடி கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். அல்லது பார்க்கை விட்டே வெளியே வந்துவிடுங்கள். மாஜிக் கிங்டமுக்கு எதிரே உள்ள ஏரிக்கு அந்தப் பக்கம் பாலினீசியன் ஹோட்டலின் கரையிலிருந்தும் வாணம் தெரியும். கோட்டை சின்னதாகத் தெரியும், குழந்தைக்கு வானம்தானே வேண்டும்.

*

எங்கள் எட்டு வயது மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. கூட்டத்தில் நடக்க மாட்டான், ஓடிவிடுவான். பெரிய ஸ்ட்ரோலரில் வைத்துத்தான் போகிறோம். போன முறை நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் தமிழிலேயே, “இவ்வளவு பெரிய பையன், செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்காங்க” என்றார். எங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல. மறுபடி போகவே மனசில்லை.
— பெயர் வேண்டாம்

போங்கள். அவனுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம்.

முதலில் இரண்டு ஏற்பாடுகள். பார்க் வாசலுக்குப் பக்கத்தில் உள்ள ‘கெஸ்ட் ரிலேஷன்ஸ்’ அலுவலகத்தில் கேட்டால், உங்கள் ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கருத ஓர் அடையாள அட்டை கட்டித் தருவார்கள். அது இருந்தால் வண்டியை வெளியே விடவேண்டியதில்லை, வரிசைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகலாம். வரிசையில் காத்திருக்கவே முடியாத பிள்ளை என்றால் ‘டிஸெபிலிட்டி ஆக்ஸஸ் சர்வீஸ்’ என்று தனியாக ஒன்று உண்டு. ரைடுக்கான நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதுவரை வேறு இடத்தில் இருக்கலாம். 2024இல் விதியை இறுக்கினார்கள். இப்போது அது முக்கியமாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான். ஊருக்குக் கிளம்புமுன்பே வீடியோ அழைப்பில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் காலை நேரம் பாழாகும்.

அந்தப் பெண்மணிக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொல்லத் தோன்றினால் தமிழிலேயே ‘வணக்கம்மா’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மற்ற வாசகர்களுக்கு: வண்டியில் பெரிய பிள்ளை உட்கார்ந்திருந்தால் காலில் கட்டு இருக்கலாம், இதயக் கோளாறு இருக்கலாம், வெறும் தூக்கமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நமக்கு அதில் வேலை இல்லை.

*

கைக்குழந்தையோடு போனால் பெரிய ரைடுகளை மறந்துவிட வேண்டியதுதானா? நானும் கணவரும் ஸ்பேஸ் மவுண்டன் போக ஆசைப்படுகிறோம்.
— சான் ஹோசே

மறக்க வேண்டாம். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குல உயரம் வேண்டும், உங்கள் குழந்தைக்கு இன்னும் காலம் இருக்கிறது. நுழைவாயிலில் உள்ள ஊழியரிடம் ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று சொல்லுங்கள். ஒருவர் போய்வரும்வரை இன்னொருவர் குழந்தையோடு இருக்கலாம். அப்புறம் அவர் முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் போய்விடலாம். குழந்தையும் கூட வந்திருக்க வேண்டும், ‘ஹோட்டலில் இருக்கிறது’ என்றால் நடக்காது. யுனிவர்சல் பார்க்குகளிலும் இப்படி ஒரு வசதி உண்டு. அங்கே குடும்பமாகவே வரிசையில் வந்து, ஒருவர் ரைடு போகும்போது மற்றவர் குழந்தையோடு அறையில் காத்திருப்பார்.

முதலில் யார் போவது என்பதை வாசலில் நின்று பேசாதீர்கள்.

*

ஒருவர் வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, பின்னால் எட்டுப் பேர் ‘எங்க ஃபேமிலி, எங்க ஃபேமிலி’ என்று இடித்துக்கொண்டு வருவது நம்மவர்கள் மட்டும் செய்வதா, எல்லோரும் செய்வதா?
— டொராண்டோ

எல்லோரும் செய்கிறார்கள். நாம் கொஞ்சம் சத்தமாகச் செய்கிறோம். பாத்ரூம் போன குழந்தையும் அதைக் கூட்டிப்போன அம்மாவும் திரும்பி வந்தால் வழி விடுவதுதான் முறை, அதில் மூஞ்சி சுளிக்கக்கூடாது. ஐஸ்க்ரீம் வாங்கப் போன எட்டுப் பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்காக இடம் பிடித்தவர் பின்னால் போய் அவர்களோடு நிற்கட்டும். வழி விடுவதா வேண்டாமா என்று நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டாம், ஊழியரைக் கூப்பிடுங்கள்.

*

தயிர்சாதம் கொண்டுபோகலாமா? பேருந்தில் ஸ்ட்ரோலரை மடிக்கச் சொல்வார்களா?
— இரண்டு வாசகிகளின் கேள்விகள், சேர்த்துவிட்டேன்

தயிர்சாதம் தாராளமாக. டிஸ்னியில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவு வருகிற கண்ணாடிச் சீசா மட்டும் விதிவிலக்கு), மது கூடாது, உதிரி ஐஸ் கட்டி கூடாது. குளிர்ச்சிக்கு மூடிய ஜெல் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் கவுன்டர் உணவகங்களில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஊறுகாயைத் தனி டப்பாவில் வையுங்கள், வண்டித் துணியில் பட்டால் வாடகைக்காரனிடம் பதில் சொல்ல முடியாது.

டிஸ்னிப் பேருந்திலும், கார் நிறுத்துமிடத்து டிராமிலும் மடித்தே ஆக வேண்டும். மாஜிக் கிங்டமுக்குப் போகிற பெரிய படகிலும் மோனோரயிலிலும் குழந்தையோடு அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். இரவு பத்து மணிக்குப் பேருந்து வந்து நின்ற பிறகு, தூங்குகிற பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பட்டனை அமுக்கினால் மடங்கும் என்று தேடினால் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். வண்டி கைக்கு வந்த அன்றே ஹோட்டல் அறையில் பத்து தடவை மடித்து விரித்துப் பாருங்கள், ஒரு கையால். பேருந்து வளைவைத் திரும்பும்போதே பிள்ளையைத் தூக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, மடித்துத் தயாராக நில்லுங்கள். கூட வருகிற பெரியவர்கள் முதலில் ஏறி உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். வண்டி கடைசியில் ஏறட்டும்.